லெம்ப் வீட்டு பீர் (1840–1922)

1922 ஜூன் 28. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பெரிய பீர் ஆலை ஏலத்துக்கு வந்தது. மதுவிலக்கு வருவதற்கு முன்பு 70 லட்சம் டாலர் பெறும் என்று மதிப்பிட்டிருந்த சொத்து. இன்டர்நேஷனல் ஷூ கம்பெனி என்ற செருப்புக் கம்பெனி 5,88,500 டாலருக்கு அதை எடுத்துக்கொண்டது. பீர் நொதித்த கட்டடங்களில் செருப்புச் சரக்கை அடுக்கினார்கள். அந்த ஆண்டு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஆலையின் கடைசி முதலாளியான இளைய வில்லியம் லெம்ப் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். தாத்தா தொடங்கி, அப்பா வளர்த்து, பேரன் கையில் முடிந்த தொழில் அது.

இதற்கு உத்திரமேரூரிலிருந்து ஓர் இரங்கல் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பக்கம் பீருக்குப் பேர்போன சீமை இல்லை. இங்கே விளைவது நெல்லும் கரும்பும். ஆனால் மது காய்ச்சும் ஒரு பரம்பரைத் தொழில் அரசாணை ஒன்றில் நின்றுபோவதை இந்த மண் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறது. லெம்ப் குடும்பத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் ஏரிக்கரைப் பனைகளும் அவற்றில் கள் இறக்க ஏறிய கிராமணிச் சாதி வீட்டு ஆண்களும்தான் என் கண்முன் வருகிறார்கள். அந்த வீடுகளுக்காக யாரும் இரங்கல் எழுதவில்லை. இதில் அவர்களுக்கும் இடம் உண்டு.

ஆடம் லெம்ப் ஜெர்மனியின் எஷ்வேகே ஊரிலிருந்து கிளம்பி 1838இல் செயின்ட் லூயிஸ் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஜெர்மானியர்கள் மிசௌரிக்குக் குவிந்ததற்கு ஒரு புத்தகமும் காரணம். கோட்ஃப்ரீட் டூடன் என்பவர் அங்கே வாழ்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி, 1829இல் அந்த மண்ணைப் புகழ்ந்து எழுதிய நூல் ஊர் ஊராகப் படிக்கப்பட்டது. வந்தவர்களில் பலர் நிலம் வாங்கினார்கள். லெம்ப் மளிகைக் கடை வைத்தார். கடையில் சாமான்களோடு தானே தயாரித்த வினிகரையும் பீரையும் விற்றார். பீருக்குத்தான் ஆள் வந்தது. 1840இல் மளிகையை ஏறக்கட்டிவிட்டு, ஆற்றுக்குப் பக்கத்தில் இரண்டாம் தெருவில் பீருக்கென்றே ஓர் ஆலை தொடங்கினார்.

அவர் காய்ச்சியது அந்த நாட்டுக்குப் புதிய சரக்கு. அதுவரை அமெரிக்கர்கள் குடித்தது ஆங்கிலேயர் வழியில் வந்த ஏல் என்ற பீர். அதன் ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்யும். மேலே நுரைத்துச் சில நாளில் அடங்கிவிடும். ஜெர்மானியர் கொண்டுவந்த லாகருக்கு வேறு ஈஸ்ட். அது குளிரில்தான் வேலை செய்யும், பாத்திரத்தின் அடியில் படியும், அவசரமே படாது. முளைகட்டிய பார்லியை உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைப்பதுவரை இரண்டும் ஒன்றுதான். அதன் பிறகு லாகர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், குளிரில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால்தான் கசடு இறங்கித் தெளியும், நாக்கில் உறுத்தாமல் இறங்கும். அமெரிக்காவில் லாகரை முதலில் காய்ச்சியவர் யார் என்று பிலடெல்பியாவின் ஜான் வாக்னர் பெயரையும் லெம்பின் பெயரையும் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் அதே 1840தான் ஆண்டு.

குளிருக்கு எங்கே போவது? செயின்ட் லூயிஸ் கோடை புழுங்கித் தள்ளும் கோடை. குளிர்பதன இயந்திரம் வந்திராத காலம். விடை காலடியில் இருந்தது. அந்த ஊர் சுண்ணாம்புப் பாறைமேல் அமர்ந்த ஊர். பாறையை நீர் அரித்து அரித்து அடியில் குகைகள் உண்டாகியிருந்தன. நகரத்தின் தெற்கு விளிம்பில் அப்படி ஒரு குகையை லெம்ப் பிடித்தார். மேலே வெயில் காய்ந்தாலும் குகைக்குள் வெப்பம் ஏறாது. மார்கழி, தை மாதங்களில் மிசிசிப்பி உறையும்போது ஆட்கள் இறங்கி ஆற்றுப் பனிக்கட்டியை வாளால் அறுத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து குகைக்குள் அடுக்குவார்கள். அதன் பக்கத்தில் பெரிய மரப்பீப்பாய்களில் பீர் கிடந்து பக்குவப்படும். குளிர்காலத்து ஆற்றைக் கோடைக்கென்று சேமித்து வைத்த வித்தை இது. இதைச் செய்ய எழுதிவைத்த கணக்கு மட்டும் போதாது. எந்தப் பீப்பாய் எப்போது தெளியும், எப்போது திறக்கலாம் என்பது மூக்குக்கும் நாக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது வீட்டுக்குள்ளேயே பழகிவரும் அறிவு.

ஆடம் 1862இல் இறந்தார். மகன் வில்லியம் 1864இல் குகைக்கு நேர் மேலேயே புது ஆலை கட்டத் தொடங்கினார். ஊருக்குள் காய்ச்சி, தெற்கே குகைக்கு வண்டியில் இழுக்கும் பாடு போயிற்று. இவர் கையில்தான் தொழில் பெருத்தது. 1870களில் நகரின் மிகப் பெரிய ஆலை இதுவே. பல ஆலைகள் நடந்த ஊரில் இந்த இடம் சாதாரணமில்லை. 1878இல் குளிர்பதன இயந்திரம் வந்தது. குகை அதன் பிறகு தேவைப்படவில்லை. ஆனால் வீட்டிலிருந்து ஆலைக்குச் சுரங்க வழியாகவே போய்வர வழி இருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த அந்த வீட்டை வில்லியம் 1876இல் வாங்கியிருந்தார். 1892இல் தொழில் கம்பெனியாகப் பதிவானது. சொந்தக் குளிர்ப்பெட்டிகளை ரயிலில் கோத்து, நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை பீர் அனுப்பினார்கள். ஃபால்ஸ்டாஃப் என்ற பெயர், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் குடியும் சிரிப்புமான கொழுத்த வீரனின் பெயர், அவர்களுடைய முத்திரையாயிற்று. மகள் ஹில்டாவை மில்வாக்கியின் பாப்ஸ்ட் பீர் குடும்பத்தில் கொடுத்தார்கள். சம அந்தஸ்தில் செய்த சம்பந்தம்.

ஜெர்மானியரின் பீர் குடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் வந்த பிறகு அமெரிக்க நகரங்களில் பீர் தோட்டங்கள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமை மரநிழலில் பெஞ்சு போட்டு, வாத்தியம் வாசித்து, மனைவி மக்களோடு உட்கார்ந்து குடிப்பார்கள். ஆண்கள் மட்டும் நின்றபடி விஸ்கியை ஊற்றிக்கொண்டு தள்ளாடிப் போகும் சலூன் வேறு, இது வேறு. மதுவிலக்குச் சட்டம் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. சலூனால் குடும்பம் இழந்த பெண்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் மதுவிலக்கு இயக்கத்துக்குப் பெரும் வலு கொடுத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் குடியால் பட்டதையும் படுவதையும் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. அங்கேயும் இங்கேயும் அந்தக் கோபத்தைச் சட்டமாக்கியவர்கள் கள்ளுக் கலயத்தையும் சாராயப் பாட்டிலையும் பிரித்துப் பார்க்காததுதான் என் குறை.

லெம்ப் வீட்டின் சரிவு சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. தொழிலுக்கென்று தேர்ந்து வளர்த்த மகன் ஃபிரடெரிக் 1901இல் 28 வயதில் இதயக் கோளாறில் போனார். நெருங்கிய நண்பரும் சம்பந்தியுமான ஃபிரடெரிக் பாப்ஸ்ட் 1904 ஜனவரி முதல் நாள் இறந்தார். அடுத்த மாதம் 13ஆம் தேதி வில்லியம் தன்னைச் சுட்டுக்கொண்டார். இன்று அந்த வீட்டைப் பேய் வீடு என்று காட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள். இணையத்தில் தேடினால் ஆவிக் கதைகள்தான் முதலில் வந்து விழுகின்றன. ஒரு குடும்பம் நாட்டுக்கே புதிய பீரைக் காய்ச்சிப் பழக்கியது. நாடு அவர்களைப் பேயாக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

பிறகு முதல் உலகப்போர். 1917இல் அமெரிக்கா ஜெர்மனியோடு போருக்குப் போனதும், ஜெர்மன் பெயர் வைத்த எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாயிற்று. செயின்ட் லூயிஸில் பெர்லின் அவென்யூவுக்கு அமெரிக்கத் தளபதியின் பெயரைச் சூட்டினார்கள். 1918 ஏப்ரலில், ஆற்றுக்கு அக்கரையில் காலின்ஸ்வில் ஊரில், ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மன் குடியேறியைக் கும்பல் ஒன்று தூக்கிலிட்டுக் கொன்றது. பீர் ஆலைகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர் என்பதால் பீரை எதிர்ப்பதும் நாட்டுப்பற்று என்றாகிவிட்டது. போர்க்காலத்தில் தானியத்தைச் சேமிக்க வேண்டும் என்ற வாதமும் சேர்ந்தது. மது வரி இல்லாமல் கஜானா நடக்குமா என்ற பழைய கேள்விக்கு 1913இல் வந்த வருமான வரி பதில் சொல்லியிருந்தது. 1920 ஜனவரி 17 முதல் நாடு முழுவதும் மதுவிலக்கு.

அதே ஊரில், சற்றுத் தள்ளி, ஆன்ஹைசர் புஷ் ஆலை இருந்தது. அவர்களும் ஜெர்மானியரே. அவர்கள் ரொட்டி ஈஸ்ட் விற்றார்கள், மால்ட் பாகு விற்றார்கள், ஐஸ்கிரீம் செய்தார்கள், வண்டிகளுக்குக் குளிர்ப்பெட்டி கட்டினார்கள். 13 ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். லெம்ப் வீட்டார் செர்வா என்ற சாராயச் சத்து இல்லாத பானத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஈடுகொடுக்கவில்லை. இளைய வில்லியமுக்கு அந்தப் போராட்டத்தில் மனம் ஒட்டவில்லை என்றே தோன்றுகிறது. பல ஆண்டுகளாக ஆலையைப் புதுப்பிக்காமலும் விட்டிருந்தார்கள். ஒருநாள் ஆலை மூடியது. ஃபால்ஸ்டாஃப் என்ற பெயரை கிரீஸ்டீக் என்ற இன்னொரு ஜெர்மன் பீர் குடும்பத்துக்கு 25,000 டாலருக்கு விற்றார்கள் என்பது செய்தி. கட்டடத்தை ஏலம் விடுவதைவிட இந்த விற்பனைதான் எனக்குச் சாவு போலப் படுகிறது. முத்திரைப் பெயரை விற்றபின் வீட்டில் மிச்சம் என்ன?

அமெரிக்க மதுவிலக்கை நம்பிக்கையோடு பார்த்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் துணையாக இருந்தார். அதற்கும் முன்பே பெரியார் கள் இறக்குவதை நிறுத்தத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்திருந்தார். 1933இல் அமெரிக்கா தன் மதுவிலக்கைக் கைவிட்டது. நான்கு ஆண்டு கழித்து, 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தின் முதல்வராக ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளு, சாராயம் மூலம் வந்த வருவாய் போனதற்கு ஈடாக 1939இல் விற்பனை வரி போட்டார். அங்கே வருமான வரி, இங்கே விற்பனை வரி; கணக்கு ஒன்றுதான். போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் வந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைகள் முதல் முறை மூடியது அந்தக் காலத்தில்தான்.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்தவை. குடவோலை முறைக்குப் பேர் வாங்கித் தந்தவை. சபைக்கு நிற்கத் தகுதி இல்லாதவர்கள் யார் என்று அவை பட்டியல் போடும்போது மகாபாதகம் செய்தவர்களைச் சேர்க்கின்றன; குடியும் அந்தப் பாதகங்களில் ஒன்று என்பது பழைய அறநூல் கொள்கை. சபை உறுப்பினன் குடிக்கக் கூடாது என்று எழுதிய அதே காலத்தில் கள் இறக்கியவர்களிடம் ஈழம்பூட்சி என்று வரியும் வாங்கினார்கள். குடிப்பதைக் கண்டித்தார்கள், ஏறுகிறவனை மரத்திலிருந்து இறக்கிவிடவில்லை. வரி கட்டும் தொழில் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்தத் தொழில் இங்கே இருந்தது. லெம்ப் வீட்டின் 82 ஆண்டு அதற்கு முன்னால் ஒரு பொழுது.

பாளை சீவுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஏறி இறங்கும் வேலை மட்டும் கிடையாது. காலில் தளையை மாட்டி, இடுப்புப் பெட்டியில் கத்தியும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். மேலே மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இளம்பாளையைக் கடிப்பு என்ற இரட்டைக் கட்டையால் நசுக்கிவிடுவார்கள். அதிகம் நசுக்கினால் பாளை செத்துவிடும், குறைந்தால் ஊறாது. சில நாள் இப்படிப் பழக்கிய பிறகு நுனியைச் சீவுவார்கள். தினமும் காலையும் மாலையும் மெல்லிசாக ஒரு சீவல். காயம் ஆறாமல் இருக்க வேண்டும், அதே சமயம் பாளை சீக்கிரம் தீர்ந்தும் போகக் கூடாது. சீவிய வாயில் கலயத்தைக் கட்டுவார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றில் உள்ள ஈஸ்டே வேலையைப் பார்த்துக்கொள்ளும், விடியும்போது கள். லெம்பின் குகைக்கும் பனிக்கட்டிக்கும் இங்கே வேலையே இல்லை. வெயில்தான் காய்ச்சும் அடுப்பு. பொழுது சாய்வதற்குள் குடித்துவிட வேண்டும். மறுநாள் வைத்தால் காடி. வைத்து விற்க முடியாத சரக்கு என்பதால் அதைக்கொண்டு எந்தப் பனையேறியும் மாளிகை கட்டவில்லை.

கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கு, ஐந்து. பீருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரசுக் கடை பிராந்தியில் 42.8. தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் 1987 ஜனவரி 1 முதல் தடை. 1983இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 கடைசியிலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. நூற்றுக்கு ஐந்து உள்ளதை இறக்கினால் வழக்கு, நாற்பதுக்கு மேல் உள்ளதை விற்பது அரசு. ஒரு குடும்பத்தின் கைத்தொழிலை மூடிவிட்டு அந்த இடத்தில் ஆலைச் சரக்கை உட்காரவைத்ததை மதுவிலக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தடை நீங்கினால் தொழில் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறோம். செயின்ட் லூயிஸ் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. 1933 ஏப்ரல் 7 அன்று பீருக்கு மீண்டும் அனுமதி வந்தபோது ஆன்ஹைசர் புஷ் உடனே பீப்பாய்களை வெளியே அனுப்பியது. லெம்ப் வீட்டில் அனுப்ப ஒன்றுமில்லை. 1939இல் நான்காம் தலைமுறையின் வில்லியம் வேறொரு கம்பெனிக்குத் தன் பெயரைக் கொடுத்து லெம்ப் பீர் என்று விற்க வைத்தார், அது நிற்கவில்லை. மறுபக்கம், ஃபால்ஸ்டாஃப் அன்னியர் கையில் அமோகமாக வளர்ந்தது. 1960களில் நாட்டின் முதல் வரிசை பீர்களில் ஒன்று. பிறகு கைமாறிக் கைமாறி, 2005இல் அதைக் காய்ச்சுவதை நிறுத்திய கம்பெனியின் பெயர் பாப்ஸ்ட். ஹில்டா மருமகளாகப் போன வீட்டின் பெயர்.

நாடு முழுவதும் இதே கதைதான். 1873இல் அமெரிக்காவில் 4,131 பீர் ஆலைகள் இருந்தன. 1978இல் 89. மதுவிலக்கு ஒரு பகுதியைக் கொன்றது என்றால், மதுவிலக்கு நீங்கியபின் பெரிய கைகள் இன்னொரு பகுதியை விழுங்கின. அந்த 1978இல்தான் வீட்டில் பீர் காய்ச்சிக் குடிப்பதைச் சட்டம் அனுமதித்தது. சமையலறைகளிலும் கார் கொட்டகைகளிலும் பழகிய கைகள் சிறிய ஆலைகள் வைத்தன. இன்று அங்கே பல ஆயிரம் ஆலைகள். சின்ன அளவில் செய்ய விட்டதால் வந்த உயிர் அது.

இங்கே 1971இல் கடைகளைத் திறந்து, பிறகு மூடி, 1981இல் மறுபடி திறந்தார்கள். இரண்டு முறையும் கடைகள் ஏலத்துக்குப் போயின. பணம் வைத்திருந்தவர் குத்தகை எடுத்தார். பரம்பரையாக ஏறியவர் அவரிடம் கூலிக்கு ஏறினார். கடையில் அளவைக் கூட்டக் கலப்படம் வந்தது. கள்ளுக்குக் கெட்ட பெயரும் வந்தது. 1987இல் மூடியபோது அந்தக் கெட்ட பெயரும் ஏறியவர் தலையிலேயே விழுந்தது. எங்கள் பக்கத்தில் பலர் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். பனைகளும் சூளைக்கே போயின. 2021இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. தாமதமானாலும் நல்ல காரியம்.

கள் இறக்க அனுமதி வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டாகக் கேட்டுவருகிறார்கள். பக்கத்தில் கேரளத்தில் கடை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனையேறிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்து விற்கிறார்கள். ஒருநாள் இங்கும் அனுமதி வரலாம். அப்படி வந்தால் அதை மறுபடி ஏலத்துக்கு விடாமல், ஏறுகிற வீட்டுக்கே கொடுக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டி இறக்கும் மரவரி முறை இருந்தது. அதை இன்றைக்குத் தகுந்தபடி எழுதிக்கொள்ளலாம். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். 1986இல் 20 வயதில் பாளை சீவிய ஒருவருக்கு இப்போது 60ஐ ஒட்டிய வயது. ஏரிக்கரையில் நுங்கு வெட்ட ஏறுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்; கடிப்பைப் பிடித்துப் பாளையை எவ்வளவு நசுக்க வேண்டும் என்று அவர்கள் கையைப் பிடித்துக் காட்ட இவரைப் போன்றவர்கள்தான் மிச்சம்.